இரண்டாவது தும்மல்

பாக்கெட் அக்காவுக்கு வேறொரு பெயர் இருக்கத்தான் செய்யும். ஆனால் அது சம்பள நாளில் கையெழுத்துப் போட மட்டும்தான் வெளியே வரும். யூனிஃபார்ம் தைக்கும் கூடத்தில் சட்டைக்குப் பாக்கெட் வைப்பது அவள் வேலை. காலருக்கு ஒருத்தி, கைக்கு ஒருத்தி, பாக்கெட்டுக்கு இவள். ஊரில் பாதிப் பிள்ளைகளின் நெஞ்சில் தன் தையல்தான் இருக்கிறது என்று பெருமை அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டுமே, உண்மைதானே.

தையலுக்கு அடுத்தபடியாக அவள் பேர் எடுத்தது சூப்பில். ஞாயிற்றுக்கிழமை அவள் வைக்கிற சூப், கோப்பையில் ஊற்றி உறிஞ்சிவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை. கோழி, உருளைக்கிழங்கு, கேரட், பயறு என்று கரண்டியை நிறுத்தினால் நிற்கிற கெட்டியில் இருக்கும். ஒரு கிண்ணம் குடித்தால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடலாம். காரம்? முதல் வாயில் ஒன்றும் தெரியாது. அடுத்த வாயில் காது சூடாகும், அதற்கடுத்து மூக்கு ஒழுகும். ஆனாலும் யாரும் கிண்ணத்தைக் கீழே வைத்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவின் நாக்கில் காரம் உறைக்காது. பிறவியிலேயே அப்படி. பச்சை மிளகாயை வெள்ளரிப் பிஞ்சு மாதிரி கடிப்பாள். பிறகு அளவு எப்படித் தெரியும்? அதற்குத்தான் வீட்டுக்காரர் இருக்கிறார்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மூக்கு என்றால் அப்படியொரு மூக்கு. அடுக்களையில் மிளகாய் எண்ணெயில் விழுந்தால் கூடத்தில் அவர் தும்முவார். முதல் தும்மல் என்றால் இன்னும் கொஞ்சம் போடலாம். இரண்டாவது தும்மல் வந்ததும் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அக்காவின் கைப்பக்குவம் அவ்வளவுதான். இது அவருக்கே தெரியாது. சொன்னால் மனுஷன் வேண்டுமென்றே தும்மிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று அவள் வாயே திறக்கவில்லை. அவரோ தன் தும்மல் அவளுக்கு எரிச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

இந்த அளவு பிடிபட்டதே ஒரு சண்டைக்குப் பிறகுதான். சில வருஷங்களுக்கு முன், அவர் டியூட்டிக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, அவருடைய தங்கை விருந்துக்கு வந்திருந்தாள்.

"அண்ணி, இது சூப்பா, கை கழுவுற தண்ணியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள்.

"பிடிக்கலன்னா கையைக் கழுவிட்டுக் கிளம்பு" என்றாள் அக்கா.

நாத்தனார் கிளம்பியே விட்டாள். வழக்கமான ருசி அன்றைக்கு மட்டும் எங்கே போனது என்று மண்டையை உடைத்துக்கொண்டபோதுதான் அக்காவுக்குத் தும்மலின் அருமை புரிந்தது; அதுவரை தன்னையறியாமலே அந்தத் தும்மலைக் கேட்டுத்தான் மிளகாய் போடும் கையை நிறுத்தி வந்திருக்கிறாள். அதிலிருந்து அவருக்கு டியூட்டி இருக்கும் ஞாயிறு, வீட்டில் சூப் கிடையாது.

நாத்தனார் வருவதும் கிடையாது. பேசாமல் இருப்பதில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் மாட்டிய அண்ணன்காரர், தங்கை வீட்டுத் தெருவில் பேருந்து திரும்பும்போதெல்லாம் ஹாரன் அடிப்பார். அவள் பால்கனியில் வந்து கையாட்டுவாள். உறவு அந்த மட்டில் ஓடியது. ஒரே தங்கையை ஹாரன் அடித்துப் பார்க்கும் நிலைக்கு இந்த மனுஷனைக் கொண்டுவந்துவிட்டோமே என்று அக்காவுக்கு மனசு உறுத்தும். ஆனால் வீம்பு விடாது.

ஒருநாள் அவர் வந்து சொன்னார். "ஞாயித்துக்கிழமை தங்கச்சி வரேன்னிருக்கா. சூப் உண்டான்னு கேட்டா."

"எப்படிக் கேட்டா? ஆசையாவா, குத்தலாவா?"

"ஃபோன்ல அதெல்லாம் எப்படித் தெரியும்?"

அக்காவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இந்தத் தடவையும் சூப் சொதப்பினால் நாத்தனார் இனி இந்த வாசலை மிதிக்கவே மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, நாத்தனாரும் வந்தாள். "வா" என்றாள் அக்கா. "ம்" என்றாள் அவள். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. அண்ணனும் தங்கையும் கூடத்தில் உட்கார, அக்கா அடுக்களைக்குள் புகுந்துகொண்டாள்.

எண்ணெய் காய்ந்ததும் பூண்டு, வெங்காயம், பிய்த்த மிளகாய் வற்றல் எல்லாம் விழுந்தன. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கூடத்தில் சத்தமே இல்லை. இன்னும் இரண்டு மிளகாய் போட்டாள். ஊஹூம். ஒரு கை மிளகுத்தூளையும் போட்டு, தட்டால் புகையைக் கூடத்துப் பக்கம் விசிறிக்கூடப் பார்த்தாள். நாளெல்லாம் தும்முகிற மனுஷனுக்கு இன்றைக்குப் பார்த்து என்ன வந்தது? அவள் கண்ணிலேயே தண்ணீர் கோத்தது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டு, மேலும் மூன்று மிளகாயைப் பிய்த்துப் போட்டாள்.

சூப் பரிமாறியாயிற்று. வீட்டுக்காரர் ஒரே வாயோடு குழாயைத் தேடி ஓடினார். நாத்தனார் மட்டும் அசையவில்லை. முகம் சிவந்து, கண் பொழிய, வாய் வாயாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வச்சிடும்மா, குடிக்காத" என்றாள் அக்கா. எல்லாம் போயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

"இல்ல அண்ணி... நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தவளுக்கு ஒரு தும்மல் வெடித்தது. அதன்பின் நிற்கவே இல்லை. குழாயடியிலிருந்து அண்ணனும் சேர்ந்துகொண்டார்.

"இவ்வளவு நேரம் எங்க போச்சு இந்தத் தும்மல்?" என்றாள் அக்கா.

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அடக்கி வச்சிருந்தோம். நான் தும்மினா, வந்ததுமே குறை சொல்றேன்னு நினைச்சுடுவீங்களோன்னு பயம். அண்ணா சோபா தலையணைல மூஞ்சிய அழுத்திக்கிட்டு, எனக்கும் ஒண்ணு குடுத்தாரு. அண்ணி, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே தும்மல் ரகசியத்தை மொத்தமாகப் போட்டு உடைத்தாள்.

"நீ அன்னிக்குச் சரியாத்தான் சொன்ன. உங்க அண்ணன் வீட்ல இல்ல, அது கை கழுவுற தண்ணிதான். நான்தான் உன்னைப் போன்னு சொல்லியிருக்கக் கூடாது."

"அப்ப இத்தனை வருஷமா சமைச்சது நானா?" என்றார் வீட்டுக்காரர்.

"மூக்கு மட்டும்" என்றாள் அக்கா.

அடுத்த ஞாயிறு அவருக்கு டியூட்டி. ஆனாலும் அடுப்பில் சூப் பானை ஏறியது. எண்ணெயில் மிளகாய் விழ, கூடத்திலிருந்து ஒரு தும்மல் வந்தது. அக்கா இன்னொரு மிளகாயைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். இந்நேரம் அவர் அந்தத் தெருவில் திரும்பி ஹாரன் அடித்திருப்பார். பால்கனியில் ஆள் இருக்காது.

கூடத்தில் நாத்தனார் மறுபடி தும்மினாள். அக்கா தண்ணீரை ஊற்றினாள்.