கரிக்கட்டைகளுக்குச் சீட்டுக் கட்டியவர்

வியாழக்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். ஜட்கா வண்டிக்காரர் பசவண்ணா வாசலில் குதிரையை நிறுத்தி, "சாமி, பார்சல் ஐயா ஹோகிபிட்ரு" என்றார். பார்சல் ஐயா, எங்கள் மாணிக்கவேலர், போய்விட்டார். அந்தக் கணத்தில் மைசூர் சமஸ்தானமே அசைவற்று நின்றது. அரண்மனை யானைகள் அத்தனையும் துதிக்கையைத் தாழ்த்தின. சாமுண்டி மலை ஓரடி குனிந்தது. இவற்றை நான் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் நின்றதை மட்டும் பார்த்தேன். அது தினமும் அந்த நேரத்துக்கு நிற்பதுதான் என்று, மாணிக்கவேலர் இருந்திருந்தால், ஓரத்தில் குறித்திருப்பார்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாணிக்கவேலர் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். அதைவிடப் பெரிய பதவி ஒன்றும் அவருக்கு உண்டு: எங்கள் பேட்டைத் தீயணைப்புத் தொண்டர் படையின் செயலாளர். பழைய மர அரண்மனை எரிந்த காலத்தில் எங்கள் அப்பாமார் தொடங்கிய படை அது. ஒரு கைப்பம்பு வண்டி, இருபது கித்தான் வாளிகள், ஒரு வெண்கல மணி, அவரையும் சேர்த்துச் சம்பளமில்லாத ஏழு வீரர்கள். அலெக்சாந்தரின் சேனைகூட இவ்வளவு கம்பீரமாக அணிவகுத்திருக்காது. ஏழாவது வீரன் நான், துரைசாமி.

அவர் சேர்ந்த புதிதில் படையின் சரித்திரம் முழுவதும் எங்கள் வாயில்தான் இருந்தது. என் வாயில் கொஞ்சம் அதிகமாக இருந்தது. "எங்கப்பா ஒத்தை வாளியிலே அரண்மனையில் பாதியைக் காப்பாத்தினார்" என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

"எந்தப் பாதியப்பா?" என்று கேட்டார் மாணிக்கவேலர்.

முழு அரண்மனையும் எரிந்துபோனது ஊருக்கே தெரியும். நான் பேச்சை மாற்றினேன். அவர் மாற்றவில்லை. "இப்படியே விட்டா நாம இருந்ததையே ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, துரைசாமி" என்றார்.

அன்று தொடங்கியது அவருடைய வேலை. எந்தத் தீயை அணைத்தாலும், வீட்டுக்காரரைக் கேட்டு, விரல் நீளத்தில் ஒரு கரிக்கட்டையை எடுத்துக்கொள்வார். அதில் சணல் கயிற்றால் ஒரு பார்சல் சீட்டைக் கட்டுவார். எங்கே தீ, எது போயிற்று, யார் வந்தார், யார் தாமதம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

ஊதுபத்திக் கொட்டகை எரிந்ததை நான் சொல்லிக் கேட்கவேண்டும். அந்த வாசனை ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய், பள்ளிகொண்ட ரங்கநாதரே எழுந்து உட்கார்ந்தார்! மாணிக்கவேலரின் சீட்டிலோ இவ்வளவுதான்: "ஊதுபத்திக் கொட்டகை. பாதிக் கூரை போயிற்று. ஆளுக்குச் சேதமில்லை. தாமதம்: துரைசாமி, கோட்டுக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார்."

"அண்ணே, அந்தக் கடைசி வரி எதுக்கு? நாளைக்கு என் பேரப் பிள்ளைங்க படிப்பாங்களே!"

"படிக்கட்டுமே. தாத்தா கோட்டுக்கு எத்தனை பட்டன்னு கேப்பாங்க."

ஒரு மழைக்காலத்தில் படைக் கொட்டகை ஒழுகியது. கரிக்கட்டைப் பெட்டிகளில் ஒன்றை என் வீட்டுப் பின்கட்டில் வைத்தார். தீபாவளி வந்தது. வெந்நீர் அண்டாவுக்கு விறகெல்லாம் ஈரம். என் மனைவி உள்ளிருந்து அவசரப்படுத்தினாள். கண்ணெதிரே ஒரு பெட்டி நிறையக் காய்ந்த கரி. நான் எதையும் யோசிக்கவில்லை. சீட்டோடு சேர்த்தே அடுப்பில் போட்டேன். புகையில் ஊதுபத்தி வாசனை வந்தபோதுதான் உறைத்தது. அண்டாவைக் கவிழ்த்து அடுப்பை அணைத்தேன். அதற்குள் நான்கு கட்டைகள் சாம்பல்.

வாசனை பிடித்து அவரே வாளியோடு ஓடிவந்தார். திட்டவில்லை. ஈரத்தில் உட்கார்ந்து, பாதி வெந்த ஒரு துண்டை எடுத்தார். அதற்கும் சீட்டு எழுதினார்: "துரைசாமி வீட்டு வெந்நீர் அடுப்பு. எரிந்தது: படையின் சரித்திரத்தில் நான்கு துண்டுகள். காரணம்: துரைசாமி. அணைத்தவர்: துரைசாமி. தாமதம்: துரைசாமி."

"அடுப்புக்கு முன்னாடியே உக்காந்திருந்தவன் எப்படிண்ணே தாமதம்?"

"வாசனை வந்தப்புறம்தானே எழுந்தே?"

போன வருஷம் நகரத்துக்கு மோட்டார் தீயணைப்பு வண்டி வந்தது. எங்கள் படையைக் கலைத்துவிட்டு, கொட்டகையை இடிக்க உத்தரவு. சாமான்களைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். கரிக்கட்டைகளைக் குப்பையில் சேர்த்துவிடுவார்களே என்று மாணிக்கவேலரின் முகம் வாடியிருந்தது. நான் முன்னே பாய்ந்தேன். "மூவாயிரம் வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறோம், ஐயா!"

"இந்தப் பேட்டையிலே அஷ்டு வீடே இல்லையல்லரீ" என்றார் அதிகாரி. அத்தனை வீடே இங்கே இல்லையாம். நோட்டை மூடிவிட்டார்.

மாணிக்கவேலர் பெட்டியைத் திறந்து முதல் கட்டையை அவர் கையில் கொடுத்தார். அதிகாரிக்குத் தமிழ் படிக்க வராது. இவர் ஒவ்வொரு சீட்டாகக் கன்னடத்தில் படித்துச் சொன்னார். வெந்நீர் அடுப்பு வந்தபோது அதிகாரி சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு, முதல் கட்டையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படிக்கச் சொன்னார். தன் ஆட்களின் தப்பையே எழுதிவைத்தவர் மற்றவற்றில் பொய் எழுதியிருக்க மாட்டார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. கொட்டகை போனது போனதுதான். ஆனால் மோட்டார் வண்டி நிற்கும் புதுக் கட்டடத்தில், கரிக்கட்டைகளுக்கும் மணிக்கும் வாளிகளுக்கும் ஒரு கண்ணாடி அலமாரி கிடைத்தது. நான் முப்பது வருஷம் முழங்கியும் ஒருவரும் நம்பாத எங்கள் வீரத்தை அந்தச் சீட்டுகள் ஒரே மதியத்தில் நிலைநாட்டின.

அலமாரி முன் நின்று மாணிக்கவேலர், "துரைசாமி, இனிமே இதை எரிக்கணும்னா நீ மோட்டார் வண்டியைத் தாண்டித்தான் வரணும்" என்றார்.

வியாழன் மாலை மயானத்தில் நாங்கள் ஆறு பேரும் படைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றோம். எங்கள் படை போய் நின்றும் அணைக்காத தீ அது ஒன்றுதான். கைகளை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் மகன் பால் தெளிக்கும் முன், சிதைக்குத் தண்ணீர் விடவேண்டும். வாய்க்கால் கரையிலிருந்து வரிசையாக நின்றோம். அலமாரியிலிருந்து வாங்கி வந்த கித்தான் வாளிகள் கைக்குக் கை போயின. சிதையிலிருந்து நாங்கள் கரிக்கட்டை எதையும் எடுக்கவில்லை. அவர் வழக்கமாகப் பிடிக்கும் வாளியில் ஒரு பார்சல் சீட்டைக் கட்டி, அலமாரியில் திரும்ப வைத்தோம். எழுதியவன் நான்:

"மாணிக்கவேலர். வந்தவர் அறுவர். தாமதம்: ஒருவருமில்லை."

போய் வாருங்கள், அண்ணே. இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.