ஒலி கேட்டால் வெளியே வரச் செய்தவர்

நிஸ்தார் நானா காலமானார் என்ற செய்தி, கட்டடத்தின் நீர்த்தொட்டியைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் என்னை வந்தடைந்தது. அவருடைய மைத்துனர் அதிகம் பேசவில்லை. "மச்சான் மௌத்தாகிட்டாரு மிஸ். அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்" என்றார். நான் அவருடைய ஊரான கெலிஓயாவை அடைந்தபோது ஜனாஸா ஊர்வலம் புறப்பட்டிருந்தது. அவருடைய மனைவியின் அருகில் சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காக இதனை எழுதுகிறேன். கண்டி நகரிலுள்ள எங்கள் வணிகக் கட்டடத்தில், சமையல் எரிவாயு கசிந்தால் எச்சரிக்கும் கருவிகளைப் பராமரித்தவர் நிஸ்தார் நானா. நான் அக்கட்டடத்தின் பராமரிப்புப் பொறுப்பாளர். எந்தக் கல்லூரியின் படியையும் மிதியாமல், கையேடுகளை அகராதியின் துணையோடு வாசித்தே இத்தொழிலைக் கற்றவள். அதனைச் சொல்வதில் எனக்குப் பெருமையே உண்டு. என் பேச்சைக் கேட்டு அவர் சிரிப்பார். "மிஸ் பேசுறது ரேடியோ நியூஸ் மாதிரி ஈக்கி" என்பார். ஆயினும், என் சொற்களை ஒருபோதும் இடைமறித்ததில்லை.

அவர் முதன்முதலில் வந்த காலத்தில், உணவுக்கூடத்துச் சமையலறைகளின் உணரிகள் கூரையில் பொருத்தப்பட்டிருந்தன. சிலிண்டர் எரிவாயுவோ காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் பரவும். அவரும் நானும் சேர்ந்து நிர்வாகத்திடம் வாதாடி, புதிய உணரிகளைத் தரைக்கு அருகே பொருத்தச் செய்தோம். எச்சரிக்கை ஒலித்தவுடன் எரிவாயுவைத் தானாக நிறுத்தும் வால்வும் வந்தது.

அத்துடன் தொல்லையும் வந்தது. தரையைக் குழாய் நீரால் கழுவும்போதெல்லாம் உணரிகள் நனைந்து அலறின, அடுப்புகள் அணைந்தன. கொத்துரொட்டி போடும் சிவா, சோறு பொதிகட்டும் லஞ்ச் ஷீட்டால் தம் உணரியை மூடி, இறப்பர் வளையமும் இட்டுவிட்டார். மற்றவர்களும் அவ்வாறே செய்தனர். அலறினாலும் கொத்துத் தகட்டின் ஓசையில் எவரும் அசைவதில்லை.

நான் கடுமையான அறிவித்தல் ஒன்றை ஒட்ட முனைந்தேன். நானா தடுத்துவிட்டார். முதலில் உணரிகளுக்கு நீர் தெறிக்காத மறைப்புகளைப் பொருத்தினார். பின்னர், ஒவ்வொரு பரிசோதனையின்போதும், ஒலி எழுந்ததும் அடுப்புகளை விட்டுப் பின்முற்றத்துக்கு வருவோருக்கெல்லாம் தேநீர் வழங்கலானார். முதல் முறை இருவர் வந்தனர். இஞ்சித் தேநீரும் பனிஸும் உண்டென்ற செய்தி பரவியபின் எல்லோரும் வந்தனர். சிவா சொந்தக் கோப்பையோடு வந்தார்.

முகாமையாளர் ஒருநாள் முற்றத்தில் நின்று, இது சேர்விஸா, டீ பார்ட்டியா என்று எள்ளினார். நானா கோபிக்கவில்லை.

"சேர், சத்தம் கேட்டா கால் தானா வாசலுக்குப் போகோணும். மூளைக்கிட்ட கேட்டா, இந்தக் கொத்த முடிச்சிட்டுப் போன்னுதான் செல்லும்."

பின்னொரு நாள் நண்பகலில் எச்சரிக்கை ஒலித்தது. அன்று பரிசோதனை ஏதும் இல்லை. நான் ஓடிச் சென்றபோது, முற்றத்தில் எல்லோரும் நின்றிருந்தனர். "நானா வரலியா மிஸ்? டீ எங்க?" என்று கோப்பையை நீட்டினார் சிவா. வரும் வழியில் கதவுக் கண்ணாடியூடே நான் பார்த்திருந்தேன்: அவருடைய அடுப்புக்குச் செல்லும் குழாய் கழன்று விழுந்திருந்தது. அதனை நான் சொன்னதும் அவர் முற்றத்திலேயே குந்திவிட்டார்.

பல்லேகலயில் வேறொரு வேலையில் இருந்த நானாவை அழைத்தேன். ஒருவர் தவறாமல் எல்லோரும் வெளியேறிவிட்டனர் என்றேன். "அப்ப டீயக் குடுங்க மிஸ். நான் வாரன்" என்றார்.

அவர் மறைந்தபின் வந்த முதற் பரிசோதனையைச் சென்ற வாரம் நானே நடத்தினேன். உண்மையைச் சொல்வதாயின், அஞ்சினேன். அவருடைய முகத்துக்காகவே இவர்கள் வந்தனரென்றால், இந்தப் பழக்கமும் அவரோடு போய்விடுமே. மதிய வியாபாரம் உச்சத்தில் இருந்தது. இரண்டு கடைகளில் அவரைக் கண்டிராத புதியவர்களும் இருந்தனர். எவரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல், சோதனை வாயுக் குப்பியை உணரியின் அருகே பிடித்தேன்.

ஒலி எழுந்தது. கொத்துத் தகட்டின் ஓசை பாதியில் நின்றது. கதவுகள் திறந்தன. பிலிமத்தலாவையிலிருந்து புதிதாக வந்திருந்த பெண், மாவு படிந்த கைகளோடு என்னைக் கடந்து வெளியே நடந்தார். சிவா கடைசியாக வந்து கதவைச் சாத்தினார். அதன் கண்ணாடி வழியே பார்த்தேன். அணைந்த அடுப்பில் எண்ணெய் இன்னும் சலசலத்துக்கொண்டிருந்தது. பாதி நறுக்கிய லீக்ஸ் பலகையிலேயே கிடந்தது. மனிதர் ஒருவரும் இல்லை.

நானா, தாங்கள் காண விரும்பிய சமையலறை அதுவே. அமைதியாகச் சென்று வாருங்கள்.