கல்லறைக்குப் போன காட்டு லில்லி

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் வெயில் மதியத்துக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். அதுவும் சில்வர் ஓக் இலைகளுக்கு நடுவே பொட்டுப் பொட்டாக விழும். என் மனைவி அங்கே ரோஜா வைத்துப் பார்த்தாள், செவ்வந்தி வைத்துப் பார்த்தாள். எல்லாம் வெளுத்து, நீண்டு, சாய்ந்துபோயின.

“அந்த இருட்டுல என்னத்த முளைக்கும், உடு கண்ணு” என்பார் அவளுடைய அம்மா, என் அத்தை.

வீடு அத்தையுடையது. எனக்கு அதே மலையில், வெள்ளக்கடை என்ற இடத்தில், டூவீலர் மெக்கானிக் கடை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் மூன்று பேரும் அந்த வீட்டில்தான் இருந்தோம். எங்களுக்குக் குழந்தை இல்லை.

ஒருமுறை நானும் அவளும் கிளியூர்ப் பக்கம் வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். லாட்ஜ் கட்டுவதற்காக ஜே.சி.பி. ஒரு சரிவை வெட்டித் தள்ளியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று என் தோளில் தட்டினாள். இறங்கிப் போய், கொட்டிக் கிடந்த மண்ணில் கையை விட்டுத் துழாவி, பூண்டு போலப் பல் பல்லாக இருந்த கிழங்குகளை எடுத்துத் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள். சின்ன வயதில் காட்டுக்குள் மரத்தடியில் பார்த்த வெள்ளை லில்லியாம். ஊதுகுழல் மாதிரி நீளமாக இருக்குமாம். அந்தி நேரத்தில் அதன் வாசம் வழியையே மறிக்குமாம். நான் பார்த்ததில்லை.

முதல் வருடம் தினமும் தண்ணீர் ஊற்றினாள். பாதிக் கிழங்கு அழுகிவிட்டது. மிச்சத்தைத் தோண்டி எடுத்து, மேட்டுப் பக்கமாக, மணலும் அடுப்புக்கரியும் மக்கிய இலையும் கலந்து வைத்தாள். அது அந்த மண்ணில் ஒட்டிக்கொண்டது. கோடை மழைக்கு முளைக்கும், பனிக்காலத்தில் காய்ந்து மண்ணோடு போய்விடும். பல வருடங்கள் வெறும் இலைதான். “வேர் புடிக்குதுங்க. அவசரப்படுத்தக் கூடாது” என்பாள்.

அதற்குள் அவள் வயிற்றில் கட்டி வந்துவிட்டது. சேலத்துக்கும் மலைக்குமாக பஸ்ஸில் அலைந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். அடிவாரத்தில் இறங்கி முகம் கழுவிவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறுவோம். ஒரு ஆடி மாதம் போய்விட்டாள். அந்த வருடம் செடியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறு வருடம் அது இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. உச்சியில் இரண்டு மொட்டு, பச்சை விரல்கள் மாதிரி. நான் தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் அதன் பக்கத்தில் போய் நிற்பேன். அத்தையும் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அவள் போனதிலிருந்து எதைப் பற்றியுமே நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

அவளுடைய முதல் நினைவு நாளன்று காலையில் மாதா கோவிலில் பூசை முடிந்ததும் கடைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் செடி இருந்த இடத்தில் ஒரு குழி.

“அத்தை, செடி எங்கீங்க?”

“புள்ள கல்லறை ஓரமா நட்டு வெச்சுட்டு வந்துட்டேனுங்க.”

“மொட்டு உட்டிருந்துச்சேங்க!”

“அதனாலதானுங்க வெச்சேன். புள்ள வளத்த பூ புள்ளகிட்டத்தான் பூக்கோணும்.”

“அங்க ஒரு மரம் கெடையாதுங்க. வெறும் பொட்டல். தாங்காதுங்க அத்தை.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “உங்களுக்கு அது ஒரு செடிங்க மாப்ள. எனக்குப் பெத்த வயிறு. இது என்ற ஊடு. எத எங்க வெக்கோணும்னு எனக்குத் தெரியும்.”

என்ற ஊடு என்று அத்தனை வருடங்களில் அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நான் சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். செடி அப்போதே தலை சாய்ந்திருந்தது. தோண்டும்போது வேரெல்லாம் அறுந்திருக்க வேண்டும். வழியில் கடையிலிருந்து எடுத்துக்கொண்டுபோன சாக்கை நாலு குச்சியில் கட்டி நிழல் கொடுத்தேன். மறுநாள் போனபோது காற்று சாக்கைப் பக்கத்துக் கல்லறையின் சிலுவைமேல் கொண்டுபோய்ப் போட்டிருந்தது. திரும்பக் கட்டினேன். அந்த வருடம் ஆடியில் மழையும் சரியாக இல்லை, வெறும் காற்றும் வெயிலும்தான். ஒரு மொட்டு உதிர்ந்தது. இன்னொன்று திறக்காமலேயே பழுப்பேறிக் காம்போடு தொங்கியது. அதற்குப் பிறகு நான் போகவில்லை.

அத்தை சோற்றை மேசையில் மூடி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார். நான் தனியாகச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பேன். ஒரே வீட்டில் இருவர் இருமுவது மட்டும் கேட்கும். வேறு எங்காவது போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். போக இடமில்லை. அவருக்கும் என்னை விட்டால் மலையில் யாருமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் ஒரு வண்டியின் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. அத்தை. அவர் அதுவரை கடைப் பக்கம் வந்ததே இல்லை. கோவிலுக்குக் கட்டிய சேலையிலேயே, நகக்கண்ணெல்லாம் செம்மண்ணாக நின்றார்.

“ஏனுங்க மாப்ள.” கைக்குட்டையைப் பிரித்து நீட்டினார். “இதுல உசுரு இருக்குதுங்களா, பாருங்க.”

உடைந்த கிழங்கு. பாதி கூழாகியிருந்தது. ஆனால் நடுவில் சில பற்கள் மட்டும் கெட்டியாக, வெள்ளையாக இருந்தன.

“கையாலயே தோண்டுனீங்களா?”

“ஆமாங்க.” நகக்கண்ணிலிருந்த மண்ணைச் சுரண்டினார். “அங்க போனா வெறுஞ் சிமெண்டுங்க. எம்புள்ள அதுக்கடியில கெடக்கறத என்னால நொம்ப நேரம் பாக்க முடியல. ஏதாச்சும் பச்சையா இருக்கட்டும்னுதான் வெச்சேன். இப்படி ஆகும்னு நெனைக்கலீங்க.”

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் செத்த அன்றுகூட அவர் என் எதிரில் அழுததில்லை. ஆயில் கையோடு கிழங்கைத் தொடக் கூடாதே என்று சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை இருவருமாக அழுகியதைக் கிள்ளி எறிந்துவிட்டு, நல்ல பற்களை வீட்டுப் பின்பக்கத்துப் பலாமர நிழலில், மக்கிய இலையில் பதித்தோம். அடுத்த கோடை மழைக்குப் புல் மாதிரி ஓர் இலை தலை நீட்டியது. அத்தைதான் முதலில் பார்த்தார்.

போன வருடம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. சேலத்தில் இருக்கும் அவருடைய மகன் வந்து அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். இனி மலை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வாடகை வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் மைத்துனர். பார்த்துக்கொள்கிறேன். முள்ளம்பன்றி ஒருமுறை வந்து கிழங்கைத் தோண்டிவிட்டுப் போனது. இப்போது கோழிவலை போட்டிருக்கிறேன். மூன்று செடி பிழைத்து நிற்கிறது, சாண் உயரத்தில். மொட்டு இல்லை.

ஞாயிறு தோறும் அத்தை போன் செய்வார். போன ஞாயிறும் செய்தார்.

“பூத்துதுங்களா?”

“இல்லீங்க அத்தை. இன்னும் ரெண்டு மூணு வருசம் ஆகுமுங்க.”

அந்தப் பக்கம் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

“அதுவரைக்கும் நான் இருக்கோணுமேங்க” என்றார்.

பின்பக்கம் மூடுபனி இறங்கி, பலாமரம் வரைக்கும் ஒன்றும் தெரியாமல் போயிருந்தது.

“சாப்ட்டீங்களா மாப்ள?”

“சாப்ட்டனுங்க” என்றேன். அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.