படகில் எழுத ஓர் ஐரிஷ் பெயர்

ஐம்பத்து மூன்று வயதில், நாலு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில், “ஐரிஷ் பெயர்களா, அது நம்ம ஏரியா” என்று சொன்னவன் நான். அயர்லாந்தைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது இரண்டு விஷயம். அங்கே மழை பெய்யும். அந்த நாட்டுக்காரர் எழுதிய ஒரு தடித்த நாவலை நான் மூன்று முறை ஆரம்பித்து, மூன்று முறையும் நாற்பதாம் பக்கத்தில் விட்டிருக்கிறேன். புத்தகம் அலமாரியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதால், வீட்டுக்கு வருகிறவர்கள் நான் படித்து முடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

பெயர் கேட்டவள் என் தங்கை மகள். அயர்லாந்தில் ஒரு கடலோர ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே பிறந்த பெண் குழந்தையை, மூன்று மாதம் முடிந்ததும், ஞானஸ்நானத்துக்காக ராயபுரத்துக்குத் தூக்கி வந்திருந்தாள். நான்தான் ஞானத்தகப்பன், கோயிலில் பெயர் சொல்ல வேண்டியவன்.

“மாமா, ஐரிஷ் பேரா ஒண்ணு வேணும். பழைய பேரா. அத்தை ஒத்துக்கற மாதிரி நீதான் எடுத்துச் சொல்லணும்” என்றாள்.

கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருந்தது. நான் முதல் வாக்கியத்தோடு கிளம்பிவிட்டேன்.

அத்தை என்று அவள் சொன்னது மாமியாரை. எனக்குச் சம்மந்தியம்மா. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். ஐம்பது ஆண்கள் ஒரே நேரத்தில் கத்தும் இடத்தில், இவர் புருவத்தைத் தூக்கினால் நாற்பத்தொன்பது பேர் அடங்குவார்கள்; மிச்சமிருப்பவர் ஊருக்குப் புதுசாக இருப்பார். அவர்கள் குடும்பத்தில் ஒரு விசைப்படகு உண்டு. வீட்டில் பெண் பிறந்தால் அவள் பெயரைப் படகின் முகப்பில் எழுதுவார்கள். எழுதுகிறவரை அந்தக் குழந்தை விருந்தாளிதான். அப்போது மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகப்பின் இரண்டு பக்கமும் சம்மந்தியம்மாவின் அம்மா பெயர் மங்கிப்போய் இருந்தது. பேத்திக்கும் அதே பெயர்தான் வரும், பழைய எழுத்தின் மேலேயே புது வர்ணத்தை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பெயின்டர் நம்பிக்கையோடு இருந்தார்.

நான் இரண்டு வாரம் ஆராய்ச்சி செய்தேன். கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசில் எனக்கு வேலை. அந்த இரண்டு வாரத்தில் துறைமுகத்தில் என்ன சரக்கு வந்தது, போனது என்று எனக்குத் தெரியாது. நாற்பத்து மூன்று பெயர்கள், அர்த்தத்தோடு, மூன்று பக்கம், ஆபீஸ் பிரின்டரில். மூன்றாம் பக்கத்தில் நோரா என்ற ஒன்றை மட்டும் ‘ரொம்பச் சாதாரணம்’ என்று சிவப்பு மையால் அடித்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் காசிமேட்டு வீட்டில் எழுந்து நின்று வாசித்தேன். உட்கார்ந்து வாசித்திருக்கலாம்.

“முதல் பெயர் மேவ். பழங்கால ராணிகளின் பெயர். அர்த்தம், மயக்கம் தருபவள்.”

“சாராயம் கணக்கா?” என்றார் சம்மந்தியம்மா.

“அப்படியில்லை. அழகால் மயக்குவது.”

“சரி, அப்பால.”

“ஓர்லா. பொன் இளவரசி.”

“ம்.”

“நீவ். ஒளி.”

பதினோராவது பெயரில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஏலத்தில் விலை படியாதபோது அப்படித்தான் நிறுத்துவார்.

“அண்ணா, இதெல்லாம் யார் பேரு?”

“யார் பெயரும் இல்லை சம்மந்தி. பொதுவாக இருக்கிற பெயர்கள்.”

“பொதுவா கீற பேர வச்சிக்கினு இன்னா பண்றது? எங்க வூட்ல பேர பொறுக்க மாட்டோம். ஒருத்தர்கிட்ட போய் கேட்டு வாங்குவோம். உயிரோட கீறவங்கன்னா தட்டு வச்சி கேப்போம். செத்தவங்கன்னா கல்லறையில மெழுவத்தி ஏத்தி கேப்போம். எங்கம்மாகிட்ட போன வாரமே கேட்டுட்டேன்.”

நாற்பத்து மூன்று பெயர்களும் என் கையில் ஈரமாகிக்கொண்டிருந்தன. அப்போதுதான் தங்கை மகள், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“அத்தை, எனக்கும் கேட்டு வாங்க ஒருத்தர் இருக்காங்க.”

மாப்பிள்ளைக்கு விசா வராமல் அவர் இங்கே காத்திருந்த மாதங்களில், அவள் அங்கே ஒரு வயதான அம்மாவின் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தாள். ஆறாம் மாதத்தில் ஒரு விடியற்காலை உதிரப்போக்கு. அந்த அம்மா இரவு உடையின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஒரு மணி நேரம் கார் ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். பத்து நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கம்பளிநூல் பின்னியிருக்கிறார். அந்தப் பத்து நாளும் இவள் ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் போன் போட்டு, நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயரை வைக்க வேண்டுமென்றால் இந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் இவ்வளவு சுற்று. என்னை நடுவில் நிறுத்தியது, பேசியே விஷயத்தை மறைத்துவிடுவேன் என்ற நம்பிக்கையில்.



“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றார் சம்மந்தியம்மா.

“நீங்க பயந்துருவீங்கன்னுதான் அத்தை.”

“பயப்பட்றது என் வேலை. அத நீ எதுக்கு எடுத்துக்கினே?” என்றவர், “இன்னா பேரு?” என்றார்.

“நோரா.”

நான் மூன்றாம் பக்கத்தை மெல்ல மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

மறுநாள் சாயந்தரம் வீடியோ கால். அங்கே அப்போதுதான் மத்தியானம். சம்மந்தியம்மா பட்டுப் புடவை கட்டியிருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம். பக்கத்தில், தடைக்காலத்தில் எங்கே பிடித்தாரோ, கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரம். போனில் ஒரு வெள்ளைத்தலை பாட்டியம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டைப் போனுக்கு நேராக நீட்டி, சம்மந்தியம்மா தமிழிலேயே கேட்டார்.

“எம்மா, உன் பேர என் பேத்திக்கு குடுக்கிறியா? நல்லா வச்சிப்போம்.”

மொழிபெயர்க்க நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாவின் ஆங்கிலம் என் ஆங்கிலத்துக்குப் பிடிபடவில்லை. தங்கை மகள்தான் சொன்னாள். கேட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எரியாத அடுப்பில் எதையோ சரிசெய்தார். பிறகு சொன்னார். இது அவருடைய அம்மா பெயராம். தான் மட்டும் நினைத்துக் கொடுத்துவிட முடியாதாம். நாளைக் காலை கல்லறைக்குப் போய்க் கேட்டுவிட்டுச் சொல்கிறாராம்.

சம்மந்தியம்மா தட்டைக் கீழே வைத்தார். அந்த ஊரோ மொழியோ தெரியாத ஒருவர், ஒரு நிமிஷத்தில் அந்த அம்மாவை ஆழம் பார்த்துவிட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

“மொற தெரிஞ்ச பொம்பள” என்றார். காசிமேட்டில் அதற்குமேல் பட்டம் கிடையாது.

மறுநாள் சாயந்தரம் பதில் வந்தது. அம்மா சம்மதித்துவிட்டாராம். கூடவே, ஈரக் கல்லறையில் ஒரு மெழுகுவத்தி எரியும் போட்டோ. இவர்கள் வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பெயின்டருக்கு வேலை கூடியது. முகப்பின் வலது பக்கம் சம்மந்தியம்மாவின் அம்மா அப்படியே இருந்தார். இடது பக்கத்தைச் சுரண்டிவிட்டு, மஞ்சளில் சிவப்பு ஓரம் வைத்து நோரா என்று எழுதினார். அந்த வாரமே மாதா கோயில் ஞானஸ்நானத்தில், பிள்ளைக்கு என்ன பெயர் என்று சாமியார் கேட்டபோது, நான் அடித்த ஒரே பெயரை நானே உரக்கச் சொன்னேன்.

தடை முடிந்து படகு இறங்கிய அன்று கரையில் சம்மந்தியம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் கையில் குழந்தை தூங்கியது. ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கேட்டு வாங்குகிற இந்த வழக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆரம்பித்தேன். அவர் படகைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அடுத்து பையன் பொறந்தா உங்க பேர கேக்கலாம்னு இருந்தேண்ணா” என்றார். “அப்பால யோசிச்சேன். கேட்டா மூணு பக்கம் எழுதிக்கினு வருவீங்க.”