சூடம் அடிச்சு வாங்குன பைக்கு

ரெண்டு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம். இந்த நம்பர ஞாபகம் வச்சுக்குங்க. அழகன் ஒரு பழைய பைக்குக்குக் குடுத்த வெல அது. நாளுக்கு ஆயிரத்து முந்நூத்தம்பது சம்பளம் வாங்குற மனுசன். தேயிலக் கொழுந்து கொறஞ்ச மாசத்துல அந்தச் சம்பளமும் பாதி நாளைக்குத்தான்.

ஏன் வாங்குனான்னு மொதல்ல சொல்லிடுறேன். அப்பறம் திட்டுறவங்க திட்டிக்கலாம்.

அழகன் அக்கரப்பத்தனைக்கு மேல இருக்கிற தோட்டத்துல தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுற ஆளு. முப்பத்திமூணு வயசு. பேச்சு கம்மி. எங்க சங்கக் கூட்டத்துக்கு வந்தா கடைசியில நிப்பான். கைய தூக்கச் சொன்னா தூக்குவான், போயிருவான். அவன் சம்சாரம் நிஷாந்தி அதுக்கு நேர் எதிர். மலையில கொழுந்து பறிச்ச காலத்துல, நிறுக்கிறப்ப ரெண்டு கிலோ கழிச்சாங்கன்னு கணக்கப்பிள்ளைய நிக்க வச்சு, "ஏன் ஐயா, அந்த ரெண்டு கிலோவ ஒங்க வீட்டு அம்மாவா வந்து பறிச்சாங்க?"ன்னு கேட்ட புள்ள. அப்பறம் அது தலவாக்கலைப் பக்கம் துணி தைக்கிற ஒரு கார்மண்டுக்கு வேலைக்குப் போயிருச்சு. தோட்டம் மாதிரி இல்ல, அங்க மாசம் முழுசும் வேல இருக்கு, அதான்.

கார்மண்டுல ஓவர்டைம் முடிஞ்சு கேட்டுக்கு வெளிய வர்றப்ப ஏழர மணி. எங்க பக்கத்துக்குக் கடைசி பஸ் அதுக்கு முன்னாடியே போயிரும். பஸ் விடுங்கன்னு சங்கத்துல மனு குடுத்தோம். டிப்போவுல ரோடு சரியில்லன்னாங்க. ரோடு போடுற ஆபீசுல, பஸ்ஸே போகாத ரோட்டுக்கு எதுக்குக் காசுன்னாங்க. இப்பிடியே அந்தப் பந்த இவன் அவன் காலுக்கு உதைக்கிறான். நிஷாந்தி நாலு பொம்பளைங்களோட ஒரு போடிங் ரூமுல தங்கிச்சு. சனிக்கெழம சாயந்தரம் வரும். திங்கக்கெழம வெளிச்சம் வர்றதுக்கு முன்ன போயிரும்.

அதுங்களுக்கு ஒரே புள்ள, ஷாமிலா. அஞ்சு வயசு. அழகன் மலைக்குப் போறப்ப பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டுப் போவான். அங்க வேலாயிதான் புள்ளைங்கள பாத்துக்கிற ஆயம்மா. ஒரு சனிக்கெழம நிஷாந்தி பஸ்ஸ விட்டு எறங்குன கையோட நேரா அங்க போயி, "ஷாமிலா, வா சாமி"ன்னு கைய நீட்டியிருக்கு. புள்ள ஓடிப்போயி வேலாயி சீலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, "அம்மா, அந்த அக்கா வந்துருச்சு"ன்னு சொல்லியிருக்கு.

வேலாயிதான் எங்கிட்ட சொன்னுச்சு. "நான் அப்பிடிக் கூப்புடச் சொல்லிக்குடுக்கல அண்ணே"ன்னு அழுதுச்சு. யாரு சொன்னா நீ சொல்லிக்குடுத்தன்னு?

அன்னிக்கு நிஷாந்தி சத்தம் போடல. சோறு போட்டுட்டு அழகன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

"ஏங்க, ஒரு பைக்கு இருந்தா நான் தெனமும் வீட்டுக்கு வந்துருவேன்ல?"

"வந்துருவ."

இதுக்குத்தான் பைக்கு. ஊர் சுத்த இல்ல, பந்தா காட்ட இல்ல.

செயினும் தோடும் அடகுக்கடைக்குப் போச்சு. சீட்ட அவசரத்துக்குக் கழிச்சு எடுத்தாங்க. பத்தாததுக்கு வட்டிக்கு வாங்குனாங்க. வண்டி யாருதுன்னா, வட்டகொடை ஸ்டேசனுக்குப் பக்கத்துல மரக்கறி யாவாரம் பண்ற வீரய்யாவோடது. நிஷாந்திக்கு மாமா மொற. நூறு சிசி, பதினஞ்சு வருசத்துப் பழசு, டாங்கி மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருக்கு.

"ஒரு பாஸ்கிட்ட காட்டிட்டு வாங்குவோங்க. ரெண்டாயிரம் கேப்பாரு, குடுத்துருவோம்"னு நிஷாந்தி சொன்னுச்சு. மெக்கானிக்கத்தான் எங்க பக்கம் பாஸ்னு சொல்றது.

"சொந்தக்காரன நம்பாம பாஸ கூட்டிட்டுப் போனா, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல அவரு மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?" இது அழகன்.

எங்க ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. கோழி காணாமப் போனாலும் சூடம். சீட்டுக்காசுல சண்டைன்னாலும் சூடம். கோயிலுக்குப் போயி சூடத்த கொளுத்தி, உள்ளங்கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணிட்டா, அதுக்கு மேல பேச்சு இல்ல. பாஸ்கிட்ட போனா சொந்தம் கோவிச்சுக்கும், சாமிகிட்ட போனா யாரும் கோவிக்க மாட்டாங்கன்னு அழகன் கணக்குப் போட்டான்.

வீரய்யா அவன் கேக்குறதுக்கு முன்னயே ஆரம்பிச்சாரு. "எஞ்சின் தொறக்காத வண்டி மாப்ள. எங்கிட்ட ஏழு வருசம். ஒரு நட்டு கழட்டல. எனக்கு முன்னாடி வச்சிருந்தவனும் கழட்டல."

"கோயில்ல சொல்லுவீங்களா மாமா?"

"இப்பயே வா."

போனாங்க. மாரியம்மன் கோயில் வாசல்ல வெத்தல மேல சூடத்த வச்சு, வீரய்யா அத டப்புன்னு அடிச்சு அணைச்சாரு. "இந்த எஞ்சின ஒருத்தனும் தொறக்கல. பொய் சொன்னா என் கை வெளங்காது." அழகன் காச எண்ணிக் குடுத்தான். சில்லுக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குனாங்க. பேரு மாத்துற பேப்பருல மொத ஓனரு, கேகாலைப் பக்கத்து ஆளு, எப்பவோ கையெழுத்துப் போட்டிருந்தாரு. வாங்குறவர் பேரு எழுதுற எடம் வெறுமையா இருந்துச்சு. ஓபன் பேப்பர்னு சொல்றது இதத்தான். வண்டி கைக்கு கை மாறும், புக்குல பேரு மாறாது. அதயும் அழகன் கேக்கல. சூடம்தான் அடிச்சாச்சே.

நல்லா இருந்த நாளையும் சொல்லணும். நிஷாந்தி போடிங்க காலி பண்ணிருச்சு. தெனமும் அழகன் ரெண்டு ஸ்வெட்டரு போட்டுக்கிட்டு, அதுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு, கார்மண்ட் கேட்டுக்குப் போவான். பனியில லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல போகாது. பின்னாடி உக்காந்து அது பேசிக்கிட்டே வரும். "பள்ளம் இருந்தா முன்னக்கூட்டி சொல்லுங்க, நாக்க கடிச்சுக்கிறேன்"னு. "நீ பேச்ச நிப்பாட்டுனா நாக்கு தப்பிச்சுரும்"னு இவன். பேசாத மனுசன் பேசுனான்.

எங்க பக்கம் பைக்கு வச்சிருக்கிற எல்லாரும் எறக்கத்துல எஞ்சின அணைச்சு உருட்டிக்கிட்டுத்தான் வருவாங்க. பெட்ரோல் மிச்சம். மேல ரோட்டுல இருந்து நாங்க குடியிருக்கிற லயத்துக்கு ஒரே எறக்கம், சத்தமில்லாம வந்து நிக்கலாம். அழகனும் அப்பிடித்தான் வந்தான். ஷாமிலா சண்ட போட்டுச்சு. "நீங்க கள்ளன் மாதிரி வர்றீங்க. எனக்கு தெரியவே இல்ல." அன்னியில இருந்து புள்ளைக்காக எஞ்சின அணைக்காம வருவான். வளைவுல சத்தம் கேட்டதும் அது முன்வாசல் இஸ்தோப்புக்கு ஓடி வந்து, "அம்மா! அம்மா!"ன்னு கத்தும். நிஷாந்திய பாத்து.

ஒரு ராத்திரி திரும்பி வர்றப்ப ஹோல்புரூக் ஏத்தத்துல வண்டி நின்னுச்சு. மழ. பின்னால நீலப் பொகை. ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டே வீடு வந்து சேந்தாங்க. மறுநாளு நிஷாந்தி வேலைக்குப் போக முடியல. ஒரு நாளு போகாட்டியும் அந்த மாசத்து வருகைக் காசு முழுசா போயிரும். அந்தக் காச பைக்குக் கணக்குல யாரும் எழுதுறது இல்ல. எழுதுங்க.

தலவாக்கலையில மரியரட்ணம் பாஸ் எஞ்சின பிரிச்சாரு. ஆயிலு தாரு மாதிரி வழிஞ்சுச்சு.

"தம்பி, இதுக்கு கடைசியா எப்ப எஞ்சின் வேல பாத்தது?"

அழகன் பெருமையாத்தான் சொன்னான். "தொறக்கவே இல்ல பாஸ். சூடம் அடிச்சு சத்தியம் பண்ணி வாங்குனது."

பாஸ் துணியில கைய தொடைச்சாரு. "சத்தியம் பண்ணவன் நல்லவன்டா. உண்மையத்தான் சொல்லியிருக்கான். தொறக்கல. பதினஞ்சு வருசம் மலையேறுன எஞ்சின், ரெண்டு தடவையாச்சும் தொறந்திருக்கணும். பல்லு அழுகியும் வாயத் தொறக்காத மனுசன் மாதிரி வச்சிருக்கான். பிஸ்டன் ரிங்கு இருந்த எடந்தான் இருக்கு, ரிங்கு இல்ல."

"அப்ப தொறக்காத வண்டிதான் நல்ல வண்டின்னு சொல்றாங்களே?"

"யாரு சொன்னா? விக்கிறவன் சொன்னானா, வாங்குறவன் சொன்னானா?"

எஞ்சின் வேலைக்கு அம்பத்தெட்டாயிரம். அழகன் வட்டகொடைக்குப் போனான். வீரய்யா அவன உக்கார வச்சு தேத்தண்ணி குடுத்துட்டுக் கேட்டாரு. "நான் என்ன மாப்ள பொய் சொன்னேன்? சொல்லு, காச திருப்பித் தர்றேன்." அந்த மனுசன் பொய் சொல்லல. எஞ்சின பத்தி அவருக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது, நடுவுல எரிஞ்ச சூடத்துக்கும் தெரியாது. கெளம்பறப்ப வீரய்யா ஒரு பை நெறைய லீக்ஸும் கேரட்டும் குடுத்தாரு. வீட்டுல நிஷாந்தி பைய தொறந்து பாத்துட்டு, "ரிங்குக்குப் பதிலா லீக்ஸ போட்டு ஓட்டச் சொன்னாரா?"ன்னு சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே உள்ள போயி கதவ சாத்திக்கிச்சு.

எஞ்சின் சரியானதும் கிளச்சு போச்சு. புது எஞ்சின் இழுக்கிற இழுப்புக்கு பழைய கிளச்சு தாங்கலன்னாரு பாஸ். அதுக்கப்பறம் செயினு. வண்டி கராஜுல நிக்கிற வாரமெல்லாம் நிஷாந்தி த்ரீவீலர் புடிச்சு வரும், அன்னிக்கு சம்பளம் அன்னிக்கே காலி. போடிங்குல அதோட கட்டில வேற புள்ளைக்குக் குடுத்துட்டாங்க. நடுவுல பொலிஸ் ஒரு நாளு மறிச்சு, "மல்லி, லைசன் கோ?"ன்னு, தம்பி லைசன் எங்கன்னு, சிங்களத்துல கேட்டாங்க. வண்டியோட வருச லைசன் முடிஞ்சு போச்சு. புதுப்பிக்கப் போனா பொகை டெஸ்டுல பெயில். தண்டம் கட்டுனான். வித்துத் தொலைப்போம்னு பாத்தா, கேகாலை ஓனரு செத்து மூணு வருசமாம். பேரு மாத்துறது சுலபம் இல்ல. வந்தவன் எல்லாம் அம்பதாயிரத்துக்குக் கேட்டான்.

அடகுக்கடையில இருந்து நக ஏலம் போகப் போகுதுன்னு தகவல் வந்த வாரம், நிஷாந்தி அட்டனுக்குப் போயிட்டு வந்துச்சு. குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜன்சி. போறதுக்கு முன்னாடியே கையில காசு குடுப்பான்.

"ரெண்டு வருசந்தாங்க."

"புள்ளைக்கு வீட்டுல அம்மா வேணும்னுதானே பைக்கு வாங்குனோம்?"

"அந்தக் கடன கட்டத்தானே போறேன்."

"பைக்க கொண்டு போயி ஆத்துல தள்ளிர்றேன் நிஷா."

"தள்ளுங்க. தோடு திரும்பி வருமா? வட்டி நிக்குமா?" பெறகு அதுவே சொல்லிச்சு. "பாஸ்கிட்ட காட்டுவோம்னு சொன்னேன். நீங்க கேக்கல. நானும் இன்னொரு தடவ சொல்லல."

போற அன்னிக்கு தலவாக்கலையில இருந்து வேன். அழகன் காலையில வண்டிய உதைச்சான். ஒரே உதையில பத்திக்கிச்சு. நடுவுல புள்ள, பின்னால நிஷாந்தி, முன்னால டாங்கி மேல அதோட பை. அவன் எங்கிட்ட சொன்னது இது: "அண்ணே, ஹோல்புரூக் மேட்டுக்கு இந்தப் பக்கமும் ஏத்தந்தானே, நின்னுரும் நின்னுரும்னு பாத்தேன். நிக்கட்டும்னு கும்பிட்டேன். அன்னிக்குன்னு பாத்து குதிர மாதிரி ஏறிருச்சு."

ஏறி முடிச்சதும் பின்னால இருந்து நிஷாந்தி சொன்ன ஒரே வார்த்த, "பாஸ் நல்லாத்தான் செஞ்சிருக்காரு." அதுக்கப்பறம் அது பேசல. பள்ளம் வந்தப்பல்லாம் இவன் முன்னக்கூட்டி சொல்லிக்கிட்டே போயிருக்கான்.

இப்ப நக திரும்பி வந்துருச்சு, போட்டுக்கத்தான் ஆள் இல்ல. பைக்கும் நல்லா ஓடுது. அழகன் அதுல கட கண்ணிக்குப் போவான் வருவான். மொத வாரம் அவன் வளைவுல வந்தப்ப, சத்தம் கேட்டு ஷாமிலா இஸ்தோப்புக்கு ஓடி வந்து "அம்மா!"ன்னு கத்துச்சு. பின்சீட்ட பாத்துச்சு. மறுநாளும் ஓடி வந்துச்சு. அதுக்கு மறுநாளும். அதனால அழகன் இப்ப மேல ரோட்டுலயே எஞ்சின அணைச்சுர்றான். எறக்கம் முழுக்க சத்தமில்லாம உருட்டிக்கிட்டு வர்றான். பாக்குறவங்க பெட்ரோல் மிச்சம் புடிக்கிறான்னு நெனைப்பாங்க.

பழைய வண்டி வாங்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பாஸ்கிட்ட காட்டுங்க. சொந்தம் கோவிச்சா கோவிக்கட்டும். புக்குல பேரு மாறாத வண்டிக்கு காசு குடுக்காதீங்க. சாமிய எஞ்சின் விசயத்துல இழுக்காதீங்க. ஏழர மணிக்கு ஒரு பஸ் இருந்திருந்தா இதுல ஒரு வரியும் நான் எழுதியிருக்க மாட்டேன், அதயும் மறக்காதீங்க.

அந்தப் பைக்குல நிஷாந்தி வேல முடிஞ்சு வீட்டுக்கு வந்து சேந்த ராத்திரி எத்தனன்னு அழகன்கிட்ட கேட்டேன். அவன் எண்ணி வச்சிருக்கான்.

இருபத்தாறு.