மழைக்கு ஏற்றிய கரண்ட்

கரிசலில் சிக்னல் வேலை பார்ப்பவளுக்கு மழையும் சத்துரு, வெயிலும் சத்துரு. தண்டவாளத்தில் எந்நேரமும் கொஞ்சம் கரண்ட் விட்டிருப்போம். வண்டி ஏறினால் அது சக்கரம் வழியாகவே குறுக்கே திரும்பிவிடும். மறுமுனையில் இருக்கிற ரிலே என்கிற சுவிட்ச் கரண்ட் இல்லாமல் விழும், அங்கே வண்டி நிற்கிறது என்று ஸ்டேஷன் பேனலில் சிவப்பு எரியும். மழையில் ஜல்லிக்குள் கரிசல் சேறு ஏறிவிட்டாலோ, கரண்ட் அந்த ஈரத்திலேயே கசிந்து, வண்டி இல்லாமலே சிவப்பு எரியும். அப்புறம் ஊர்ப்பட்ட போன் வரும்.

அந்த ஐப்பசியில் மணியாச்சிக்கு இந்தப் பக்கம், எங்கள் சின்ன ஸ்டேஷனில் விடாத மழை. எனக்கு மூத்த டெக்னீசியன் ஒருவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், மேலிடத்து ஏச்சு தாங்காமல் கரண்டைக் கூட்டி வைத்துவிட்டார். சிவப்பு அணைந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மழை விட்டதும் குறைத்துவிட வேண்டும். மனுஷன் காய்ச்சலில் படுத்துவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. வெயில் அடித்துத் தரை வெடித்தது. கசிவு நின்றபின் அந்த அதிகப்படிக் கரண்ட், மேலே சக்கரம் நின்றால்கூட ரிலேயை விழவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இது தெரியாமல், வழக்கமான சோதனைக்காகக் கோவில்பட்டிப் பக்க முனைக்கு நடந்துகொண்டிருந்தேன். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட ஒரு கூட்ஸ் ஓரத்து லைனில் வந்து நின்றது. நீளமான வண்டி. கடைசிப் பெட்டி முழுசாக உள்ளே போகாமல், பாதை பிரிகிற இடத்திலேயே மெயின் லைன் பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. கார்டு அதன் படியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். பேனலில் சிவப்பு எரியும், எக்ஸ்பிரஸுக்குப் பச்சை கிடைக்காது, பாதகமில்லை என்று நினைத்தேன்.

பாதையை மாற்றுகிற பாயிண்ட் மோட்டார் உறுமியது. பாதை மெயின் லைனுக்குத் திரும்பியது. பெட்டி அங்கே நிற்கும்போது அது அசையவே கூடாது. ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன் போட்டேன்.

"சார், கூட்ஸ் பூரா உள்ள வரல! கடைசிப் பெட்டி வெளிய நிக்கி. எக்ஸ்பிரஸுக்குப் பச்ச போட்ராதீங்க!"

"போட்டாச்சேம்மா. பேனல்ல சிவப்பே இல்லியே."

"பேனல் கெடக்கு சார்! நான் கண்ணால பாக்குதேன். பச்சைய எடுங்க!"

"மழையில வண்டி இல்லாம சிவப்பு காட்டுச்சு. இப்போ வண்டி நின்னும் காட்டலங்கீங்க. எதத்தான் நம்ப? இருங்க, கார்டுகிட்ட கேக்கேன்."

கேட்கிற நேரமா இது! வடக்கே எக்ஸ்பிரஸின் ஹாரன் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை ஜல்லியில் எறிந்துவிட்டுக் தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டிக்கு ஓடினேன். அனுமதி வாங்காமல் ஓடுகிற லைனில் கை வைத்தால் வேலைக்கே உலை. போகட்டும் கழுதை. அவசரத்துக்குச் சாவி நுழையமாட்டேன் என்றது. "அண்ணே, எறங்கி ஓடுங்க!" என்று கார்டைப் பார்த்துக் கத்தினேன். அவர் காதில் கை வைத்து, என்ன என்று கேட்டார். பெட்டி திறந்ததும் ஃபியூசைப் பிடுங்கினேன்.

கரண்டே இல்லையென்றால் ரிலே விழுந்துதானே ஆகவேண்டும்? விழுந்ததா, சிக்னல் சிவப்பானதா, எனக்குத் தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து சிக்னலின் முதுகுதான் தெரியும். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எக்ஸ்பிரஸை நோக்கி ஓடினேன். கடவுளே, கடவுளே என்று வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது.

பிரேக் கிறீச்சிட்டது. சிக்னலைக் கொஞ்சம் தாண்டி, எனக்கு எதிரே எஞ்சின் நின்றது. டிரைவர் முகத்தில் ரத்தமே இல்லை. "பச்சை என் கண்ணு முன்னாலயே சிவப்பாச்சும்மா," என்றார்.

முதல் பெட்டி வாசலில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, எந்நேரமும் உங்க சிக்னல் கோளாறுதானா? பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். மனுசர நடுக்காட்டுல நிப்பாட்டிட்டு என்ன வேலதான் பாக்கீங்களோ!" பின்னாலிருந்தவர்களும் சேர்ந்து ஏச ஆரம்பித்தார்கள்.

வேறு நாளாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருப்பேன். அன்று ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குழந்தை வேறு அழத் தொடங்கியது. அத்தனை குரலையும் கேட்கக் கேட்க எனக்கும் அழுகை பொங்கியது.

"ஏசுங்கக்கா," என்றேன். "நல்லா ஏசுங்க."