மாமனாரின் பென்டிரைவ்

கோரிப்பாளையத்தில் அச்சுக்கடை வைத்திருக்கும் முபீன் அண்ணன், யாருடைய பென்டிரைவையும் வைரஸ் சோதனை செய்யாமல் திறக்க மாட்டார். இன்று அவருடைய மாமனார் ஒன்றைக் கொண்டுவந்தார். அண்ணன் சோதனையைத் தொடங்கப் போனார்.

“என்ன மாப்ள, எம்மேலயே சந்தேகமா?”

“அதெல்லாம் இல்ல மாமா,” என்று அப்படியே திறந்துவிட்டார்.

பத்தே நிமிடத்தில் கணினியிலிருந்த கோப்புகள் எல்லாம் முடங்கிவிட்டன. சாயங்காலம் கொடுக்க வேண்டிய நாலு கல்யாணப் பத்திரிகைகளும் அதில்தான் இருந்தன.

“நீயாச்சும் சொல்லிருக்கலாம்ல தம்பி,” என்றார் அண்ணன் என்னிடம்.

அவரிடம் வேலை பார்க்கும் நான் கணினி படித்தவன், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. பெரியவர்கள் முன்னால் வாய்மூடி நிற்கத்தான் படித்தேனா?

மாமனார் பென்டிரைவை உருவிக்கொண்டு எழுந்தார். “உங்க கம்ப்யூட்டர் சரியில்ல மாப்ள. எதுத்த கடையில பாத்துக்கிறேன்.”

அவர் சாலையைக் கடந்து அந்தக் கடைக்குள் நுழையும்வரை, நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.